கர்ப்பிணிகள் வரவேண்டாம்

அலுவலகத்தைத் திறக்கப் போகிறார்கள் என்ற செய்தி எங்கள் பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஊரடங்கு தொடங்கியதிலிருந்து அந்தக் குழுவில் வந்ததெல்லாம் கஷாயக் குறிப்புகளும் காலை வணக்கப் பூக்களும்தான். அன்று வந்தது துறையின் உத்தரவு. பாதிப் பேர் ஒரு நாள், மீதிப் பேர் மறுநாள் வரவேண்டும். வாசலில் காய்ச்சல் பார்க்கப்படும். முகக்கவசம் கட்டாயம். மேசைக்கு மேசை ஆறடி இடைவெளி. ஏசி கூடாது, ஜன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். லிஃப்ட் ஓடாது. கடைசிக்கு முந்தின வரியில், நாள்பட்ட நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் அலுவலகம் வரவேண்டாம், கண்காணிப்பாளரிடம் தெரிவித்துவிட்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று இருந்தது.

கீரைத் தட்டை மேடையில் வைத்துவிட்டு அந்த வரியை மறுபடி படித்தேன். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பக்கத்து அறையில் போனைச் சுவரில் சாய்த்துவைத்து ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். நான் முழுகாமல் இருக்கிறேன் என்பது எனக்குத் தெரிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அவளுக்குத் தெரியாது.

முதலில் நானே அதை வேறு விதமாகத்தான் நினைத்தேன். நாள் தள்ளிப் போனபோது வயதாகிறது, நிற்கப் போகிறது என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் குவார்ட்டர்ஸில் என் வயதுப் பெண்கள் சிலர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு காலையில் காபித்தூள் டப்பாவைத் திறந்ததும் வயிற்றைப் புரட்டியது. அந்தப் புரட்டல் எனக்குத் தெரிந்ததுதான். பத்தொன்பது வருடம் கழித்தும் உடம்பு மறக்கவில்லை.

லாஸ்பேட்டையில் எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்காரருக்கு எங்கள் வீட்டில் யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்பது வரை தெரியும். அதனால் கடைகள் திறந்திருந்த நேரம் பார்த்து ஸ்கூட்டரில் டவுனுக்குள் போய், முன்பின் தெரியாத ஒரு கடையில் பரிசோதனை அட்டை கேட்டேன். முகத்தில் பாதியை மாஸ்க் மறைத்திருந்தது. கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. நானாகவே, "தங்கச்சிக்குங்க" என்றேன். எனக்குத் தங்கை கிடையாது.

என் கணவரிடம் சொன்னபோது அவர் முதலில் பார்த்தது என்னை அல்ல, அறைக் கதவை. மகள் எங்கே இருக்கிறாள் என்று பார்த்தார். அப்புறம் மெதுவாக, "நிசமாவா" என்றார். அவர் மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடிய பிறகு ஒரு தனியார் கம்பெனியில் சேர்ந்திருந்தார். அந்தக் கம்பெனியும் ஊரடங்கில் மூடிக்கிடந்ததால் வீட்டிலேயே இருந்தார். அடுத்த சில நாட்கள் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேசிக்கொண்டோம். சாம்பாரில் உப்பு போதுமா என்று கேட்கும்போதுகூட அவர் சுவரைப் பார்த்தார். கல்யாணமாகி இருபத்தோரு வருடம் ஆன இரண்டு பேர், செய்யக்கூடாததைச் செய்து மாட்டிக்கொண்ட பிள்ளைகள் மாதிரி இருந்தோம்.

இத்தனைக்கும் இன்னொரு குழந்தை வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள்தான். மகளுக்கு மூன்று வயதானதிலிருந்து ஏழெட்டு வருடம் அதற்காக அலைந்தோம். ஆஸ்பத்திரி, மாத்திரை, கோயில் என்று எதையும் விடவில்லை. பிறகு விட்டுவிட்டோம். உறவினர்களும் கேட்பதை நிறுத்தினார்கள். அந்தப் பேச்சு நின்றபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது உண்மை.

மருத்துவமனையில் டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவே பிளாஸ்டிக் திரை தொங்கியது. திரைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா, முகத்தில் மாஸ்க், அதற்கு மேல் கண்ணாடித் தகடு. இத்தனையையும் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதால் அவர் சத்தமாகவே பேசினார். எனக்குப் பின்னால் இடைவெளி விட்டுப் போட்ட நாற்காலிகளில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

"ரெண்டாவதா? மொதக் கொழந்தைக்கு என்ன வயசு?"

"பத்தொம்போது."

எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினார். பின்னால் ஒரு நாற்காலி அசைந்தது.

"வேணுமா, வேணாமா? வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. தள்ளிப் போட்டீங்கன்னா உங்க வயசுக்குக் கஷ்டம்."

"யோசிச்சுச் சொல்றோங்க மேடம்."

நாங்கள் யோசிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டும் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நாட்கள் போயின. போனதே முடிவாகிவிட்டது.

அப்படி இருக்கும்போதுதான் அலுவலகம் திறந்தது.

எங்கள் அலுவலகம் கடற்கரைக்குப் பக்கத்தில், பிரெஞ்சுக்காரர்கள் கட்டிவிட்டுப் போன பழைய கட்டடம் ஒன்றில் இருந்தது. உயரமான கூரை, ஆள் உயரத்துக்கு ஜன்னல்கள், நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரு பாதாம் மரம். எங்கள் பிரிவு இரண்டாம் மாடியில். முன்பக்கம் அகலமான படிக்கட்டு, பின்பக்கம் குறுகலான மரப்படிக்கட்டு. முன்பக்கம் ஏறுவதற்கு மட்டும், பின்பக்கம் இறங்குவதற்கு மட்டும் என்று காகிதம் ஒட்டியிருந்தார்கள். முற்றத்தின் தரையில் வெள்ளை வட்டங்கள் போட்டிருந்தார்கள். அவற்றைப் போட வைத்தவர் எங்கள் கண்காணிப்பாளர்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டவுனிலேயே பிறந்து வளர்ந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்மணி. பிரெஞ்சு அரசின் பென்ஷன் வாங்கும் வயதானவர்கள் மனுவோடு வந்தால் பிரெஞ்சிலேயே பேசி அனுப்புவார். எங்களிடம் தமிழில்கூட அதிகம் பேச மாட்டார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. சர்க்கரைக்காகத் தினமும் ஊசி போட்டுக்கொள்பவர். உத்தரவின்படி அவர்தான் முதலில் வீட்டில் இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு நாள்கூட வராமல் இருக்கவில்லை.

முதல் நாள் மட்டும் பிரிவின் எல்லோரையும் வரச்சொல்லியிருந்தார். மேசைகள் சுவரோரம் இழுத்துப் போடப்பட்டு, நாங்கள் ஐந்து பேரும் ஐந்து மூலையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கதவருகே நின்று அவர் பேசினார்.

"சுகர், பிரஷர், ஆஸ்துமா, வேற எதுனா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. டியூட்டி சார்ட்ல இருந்து எடுத்துடறேன். மறைக்காதீங்க. ஒருத்தருக்கு வந்தா எல்லாருக்கும் வரும்."

எனக்கு நேர் எதிரே இருந்தவர் முப்பத்தைந்து வயதுக் கிளார்க். எதையும் சிரிப்பாக்கிவிடுவார். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர் சொன்னார்:

"சுகர் பிரஷரை உடுங்க மேடம். ரெண்டு மாசமா புருசன் பொண்டாட்டி எல்லாம் வூட்டுக்குள்ளயே கெடக்கறாங்க. வருசக் கடைசியில பாருங்க, கொரோனா வார்டைவிட பிரசவ வார்டுதான் ரொம்பி வழியப் போவுது."

டைப்பிஸ்ட் அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். கண்காணிப்பாளர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார், சிரிப்பை மறைக்க. நானும் சிரித்தேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன் என்று நினைக்கிறேன். சிரித்து முடித்தபோது சொல்ல வேண்டிய நேரம் கடந்துவிட்டது.

"அப்ப யாருக்கும் ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் தன் இடத்துக்குப் போனார்.

அதற்குப் பிறகு எங்கள் முறை வந்த நாட்களில் போய்வந்துகொண்டிருந்தேன். நானும் அந்தக் கிளார்க்கும் ஒரே முறை. எங்களைக் காப்பாற்ற வைத்திருந்த ஒவ்வொரு ஏற்பாடும் எனக்கு ஒரு கண்டமாக இருந்தது. வாசலில் நெற்றியைப் பார்த்து முடித்ததும் கபசுரக் குடிநீரைக் காகிதக் கப்பில் ஊற்றிக் கையில் கொடுப்பார்கள். மாசமாக இருப்பவள் அதைக் குடிக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியாது. யாரிடம் கேட்பது. கப்பை வாங்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி நடந்து குரோட்டன்ஸ் தொட்டியில் ஊற்றிவிடுவேன். கைக்கு அடிக்கும் சானிடைசர் வாசனை தலையைச் சுற்றவைத்தது. வாசனை தெரியாமல் போனால் கொரோனா என்று ஊரெல்லாம் பயந்துகொண்டிருந்த காலத்தில், எனக்கு மூன்று மேசை தள்ளி ஒருவர் டிபன் பாக்ஸைத் திறந்தால் உள்ளே புளிசாதமா எலுமிச்சையா என்று தெரிந்தது.

வாந்தி வரும்போது கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வேன். ஓங்கரிக்கிற சத்தம் வெளியே கேட்டால் போதும், கட்டடமே காலியாகிவிடும். கண்ணீரைத் துடைத்து, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு வெளியே வரும்போது கண்ணாடியில் என் கண்கள் மட்டும் தெரியும். பார்க்கப் பிடிக்காது.

சொல்லிவிடலாம் என்று நினைக்காத நாள் இல்லை. கண்காணிப்பாளரின் மேசைக்கு அருகில் போய் மெதுவாகச் சொன்னால் முடிந்தது. ஆனால் அருகில் போகக் கூடாது. அவர் மேசையைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னால் எதிர் மூலை வரை கேட்கும். போனில் சொல்லியிருக்கலாம். ஒரு முறை எண்ணைக்கூட எடுத்தேன். "இந்த வயசுலயா" என்று அவர் கேட்கவே மாட்டார், அந்த மாதிரி ஆள் அல்ல. கேட்காமல் ஒரு நொடி சும்மா இருப்பார். அந்த ஒரு நொடியை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. போனை வைத்துவிட்டேன்.

நான்காவது மாதம் நடந்துகொண்டிருந்தது. புடவையைக் கொஞ்சம் தளரக் கட்டினேன், முந்தானையைச் சுற்றிப் போட்டுக்கொண்டேன். ஊரடங்கில் எல்லோரும்தான் குண்டாகியிருந்தார்கள்.

அன்று காற்றே இல்லை. கடலுக்குப் பக்கத்தில் இருந்தும் இலை அசையவில்லை. காலையில் சாப்பிட்டது நிற்கவில்லை, வெறும் வயிற்றோடுதான் வந்திருந்தேன். முன்பக்கப் படிக்கட்டில் முதல் மாடி தாண்டினேன். அதற்கு மேல் ஒரு திருப்பம் உண்டு. அங்கே கைப்பிடியைப் பிடித்தது நினைவிருக்கிறது. மாஸ்க்குக்குள் மூச்சு சூடாக அடித்தது. பிறகு கன்னத்தில் தரையின் குளிர்ச்சி பட்டது.

கண் திறந்தபோது காலடிச் சத்தம் கேட்டது. மேலிருந்தும் கீழிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். ஓடிவந்த கால்கள் ஆறேழு படி இருக்கும்போதே நின்றன. யாரோ ஒருவர், "யாரும் கிட்டப் போவாதீங்க" என்றார். நின்ற கால்கள் திரும்பின. வந்ததைவிட வேகமாகப் போயின.

நான் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். இடுப்பில் வலி இருந்ததா, அடிவயிற்றில் ஏதாவது தெரிகிறதா என்று கையை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மேலே கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. பின்பக்க மரப்படியில் எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். திருப்பத்தில் ஒரு ஜன்னல் இருந்தது. அதன் வழியே முற்றம் தெரிந்தது. பாதாம் மரத்தைச் சுற்றி, வட்டத்துக்கு ஒருவராக நின்று எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கிளார்க் போனைக் காதில் வைத்து வேகமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில் ஒருவருக்கு வந்துவிட்டால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கவச உடை போட்டவர்கள் ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு போவார்கள். தெருவைத் தகரம் வைத்து அடைப்பார்கள். வீட்டில் உள்ளவர்களுக்கு மூக்கில் குச்சி விட்டுப் பார்ப்பார்கள். என் மகளும் கணவரும் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நிற்பதையும், பால்கனிகளிலிருந்து ஆட்கள் பார்ப்பதையும் நினைத்தேன்.

படிக்கட்டின் அடியிலிருந்து கண்காணிப்பாளரின் குரல் வந்தது. அவர் மட்டும் உள்ளே வந்திருந்தார்.

"காய்ச்சல் இருக்கா? ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சு. மூச்சு வாங்குதா?"

"இல்ல மேடம்."

"கேக்கல."

"கொரோனா இல்ல மேடம்."

"கேக்கலம்மா. சத்தமாச் சொல்லுங்க."

நான் மாஸ்க்கைக் கீழே இறக்கினேன். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. உத்தரவு அப்படி. "மாசமா இருக்கேன் மேடம்" என்றேன்.

அந்தக் கட்டடத்தில் கூரை உயரம் என்று சொன்னேன். வார்த்தை மேலே போய் முட்டி, ஜன்னல் வழியாக முற்றத்தில் விழுந்தது. முற்றத்தில் யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். சிரித்தது யார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பியதும் இல்லை.

கண்காணிப்பாளர் படியேறி வந்தார். மூட்டுவலிக்காரர், ஒவ்வொரு படியாகத்தான் ஏறுவார். என்னருகில் வந்து, ஆறடி எல்லாம் பார்க்காமல், எனக்குக் கீழே இருந்த படியில் உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து தண்ணீரும், சர்க்கரை இறங்கினால் போட்டுக்கொள்ள வைத்திருக்கும் மிட்டாயும் எடுத்துக் கொடுத்தார்.

"எத்தினி மாசம்?"

"நாலு."

"ஏன் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு மேடம்."

ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவருக்குக் கோபம்தான் வந்தது. எப்போதும் நீங்க என்று பேசுபவர் அன்று மாறிவிட்டார்.

"மாசமா இருக்கறவள நான் தினம் ரெண்டு மாடி ஏற வெச்சிருக்கேன். லிஃப்ட்ட நிறுத்துனது நானு. எதுனா ஆயிருந்தா உனக்கு யார் பதில் சொல்றது? ஆண்டவர்கிட்ட நான் என்னா சொல்லுவேன்?"

என் வெட்கத்தைக் காப்பாற்றிக்கொள்வதில் இன்னொருவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மன்னிச்சிடுங்க என்றேன். அவர் என் தலைமுடியில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டார்.

கொஞ்சம் தெளிந்ததும், ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிவந்தார். ஏறுவதற்கு மட்டும் என்று ஒட்டியிருந்த படியில் இறங்கினோம். முற்றத்தில் எல்லோரும் வட்டங்களிலேயே நின்றிருந்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். வாசலுக்கு வந்தபோது நிமிர்ந்தேன். கேட்டுக்கு வெளியே, ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு என் மகள் நின்றிருந்தாள்.

கிளார்க் ஆம்புலன்சுக்குச் சொன்ன கையோடு என் வீட்டு எண்ணுக்கும் போன் செய்திருக்கிறார். மகள்தான் எடுத்திருக்கிறாள். அம்மா மயங்கி விழுந்துட்டாங்க என்றதும் வகுப்பைப் பாதியில் விட்டு, செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். காவலர் உள்ளே விடவில்லை. அவள் அழுவதைப் பார்த்துக் கிளார்க் கேட்டருகே போய், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்:

"அழாத பாப்பா. கொரோனா எல்லாம் இல்ல. அம்மா மாசமா இருக்காங்க, அவ்ளோதான்."

இதைப் பிறகு அவளே எனக்குச் சொன்னாள். அன்று வாசலில் அவள் என்னைப் பார்த்ததை மட்டும் நான் பார்த்தேன். அழுத கண், ஆனால் அழுகை நின்றுபோயிருந்தது. எனக்குப் பின்னால் இரண்டு பேர் மருந்து டப்பாவை முதுகில் மாட்டிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனார்கள். நான் விழுந்த இடத்தில் மருந்து அடிக்கும் சத்தம் கேட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று செய்தார்கள். தப்பில்லை. ஆனாலும் என் மகள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்குத் தாங்கவில்லை.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தேன். அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்ளக் கூச்சமாக இருந்தது, சீட்டின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சிக்னலில் நின்றபோது திரும்பாமல் கேட்டாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்கு மட்டுந்தான் தெரியாது."

பச்சை விழுந்தது.

கண்காணிப்பாளர் குழுவில் ஒரு வரி போட்டிருந்தார். நான் நாளை முதல் வீட்டிலிருந்து பணிபுரிவேன் என்று மட்டும். காரணம் எழுதவில்லை. எல்லோரும் கட்டைவிரல் போட்டார்கள். கிளார்க் ஏதோ அனுப்பி, நான் திறப்பதற்குள் அழித்துவிட்டார். கண்காணிப்பாளர் வற்புறுத்தியதால் டாக்டரம்மாவிடம் காட்டி, கொரோனா பரிசோதனையும் செய்துகொண்டேன். இல்லை என்று வந்தது.

வீட்டில் மகள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினாள். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுவாள். வகுப்பில் வீடியோவை அணைத்துவைத்தாள். ஒரு நாள் என்னவென்று கேட்டேன்.

"பின்னாடி நீ நடந்து போறது தெரியுது" என்றாள்.

நான் அதற்குப் பிறகு அவளுக்கு வகுப்பு நடக்கும் நேரத்தில் சமையலறையை விட்டு வருவதில்லை. தண்ணீர் குடிக்கக்கூட அங்கேயே ஒரு சொம்பு வைத்துக்கொண்டேன். இதை அவள் கவனித்தாள் என்று நினைக்கிறேன். சில வாரம் கழித்து, அவளே வந்து, "போனைத் திருப்பி வெச்சுட்டேன், சுவர்தான் தெரியும். நீ போ வா" என்றாள். அதைப் பாசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று எங்களோடு சாப்பிட்டாள்.

மார்கழியில் வலி எடுத்தது. அந்த வாரம்தான், மறுபடி திறந்திருந்த என் கணவரின் கம்பெனியில் ஒருவருக்குத் தொற்று வந்து, அவரோடு வேலை செய்தவர்கள் யாரும் வெளியே வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒருவரைத்தான் கூட விடுவார்கள். மகள்தான் வந்தாள். வார்டு வாசலில் நர்ஸ் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். நான் சால்வை போர்த்தியிருந்தேன். மகளைப் பார்த்து, "எத்தனையாவது மாசம், வலி எப்ப வந்துச்சு?" என்று கேட்டார்.

என் மகளின் காது சிவந்துபோனது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்.

"எனக்கில்லக்கா. எங்கம்மாவுக்கு. சீக்கிரம் உள்ள கூட்டிட்டுப் போங்க, அவங்களுக்கு நாப்பத்தி மூணு வயசு, பிரஷர் வேற ஏறியிருக்கு."

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னை அணைத்தபடி நின்றாள். ஆண் குழந்தை பிறந்தது. நான் பார்ப்பதற்கு முன்னால் அவள்தான் அவனைப் பார்த்தாள்.

விடுப்பு முடிந்து திரும்பிப் போனபோது கயிறுகளும் வட்டங்களும் பாதி அழிந்திருந்தன. கண்காணிப்பாளர் ஓய்வு பெறும் நாள் நெருங்கியிருந்தது. குழந்தையின் போட்டோவைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். கிளார்க் ஒரு வாரம் என் பக்கமே வரவில்லை. அப்புறம் ஒரு மதியம் வந்து நின்றார்.

"அக்கா, அன்னிக்கு நான் மொத நாள் ஒண்ணு பேசுனேன். பிரசவ வார்டுன்னு. நீங்க அங்கதான் உக்காந்துருந்தீங்க. எனக்குத் தெரியாதுக்கா."

"என்னா பேசுனீங்க? எனக்கு ஞாபகம் இல்லயே" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. நல்லவர்தான். அந்தச் சங்கடத்தில் அவரையும் உட்காரவைக்க எனக்கு மனமில்லை.

பையனுக்கு இப்போது ஐந்து வயதாகிறது. பள்ளிக்கூட வாசலில், "பேரனா?" என்று யாராவது கேட்கிறார்கள். சில நாள் மகன் என்று சொல்கிறேன். அவசரமாக இருக்கும் நாளில் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன். மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமைகளில் பஸ்ஸில் வரும்போது ஊர் எல்லையில் காலாப்பட்டு தாண்டியதும் போன் செய்வாள், தம்பியை எழுப்பி வைக்கச் சொல்லி.

இந்த வருடம் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். கடலூர்ப் பக்கத்துக் குடும்பம், மரியாதையான மனிதர்கள். காபி எல்லாம் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தபோது பையன் உள்ளிருந்து ஓடிவந்து மகளின் மடியில் ஏறினான். மாப்பிள்ளையின் அம்மா புன்னகையோடு கேட்டார்.

"இந்தக் குட்டி யாரு?"

"எங்க பையன்தாங்க" என்றார் என் கணவர்.

அந்த அம்மா என் மகளைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் எழுந்து உள்ளே போனேன்.

சம்மதம் என்று இரண்டு நாள் கழித்து அவர்கள் சொல்லியனுப்பினார்கள். மகளிடம் போனில் சொன்னேன். அவள் சந்தோஷப்பட்ட மாதிரியும் தெரியவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேறு ஒன்றைக் கேட்டாள்.

"அன்னிக்கு ஏம்மா எழுந்து உள்ள போன?"

"காபி போடத்தான்."

"காபி மொதல்லயே குடுத்தாச்சும்மா" என்றாள்.